வாப்பாவின் காலும் நீ அனுப்பிய பெட்டியும்

மருதமுனை
வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்

அன்பு மகன் இன்ஸாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இங்கே சுகம். உனக்காக நான் துஆ கேட்காத தொழுகை இல்லை.

தினமும் போனில் கதைக்கிற உம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கதைக்கும்போதெல்லாம் வாப்பா பக்கத்தில் வந்து குந்திவிடுகிறார். இது அவர் உனக்குச் சொல்லவே கூடாது என்று தடுத்த விஷயம். அதுதான் லீவு முடிந்து நீ இருக்கிற கட்டாருக்கே திரும்புகிற ஷரிபுதீனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

சீனி வருத்தமும் சிகரட்டும் சேர்ந்து வாப்பாவின் கால் இரத்தக் குழாயைச் சுருக்கிவிட்டன, இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்ன அன்று நீ போனில் அழுதாய். அவரை நடக்க விடாதீர்கள் என்றாய். நானும் கட்டிலிலேயே வைத்துச் சோறு கொடுத்தேன். கிளினிக்கில் நேர்ஸ் மிஸ்ஸி துசாந்தினி அதைக் கேட்டு எனக்குத்தான் நன்றாக ஏசினாள். கெண்டைக்காலில் நோ வரும் வரை நடந்து, நின்று, நோ ஆறியதும் மறுபடி நடக்க வேண்டுமாம். சிகரட்டை அடியோடு விட வேண்டுமாம். நாங்க மாசத்துக்கு ஒருக்காத்தான் பாப்பம் ஐயா, மத்த நாளெல்லாம் உங்கட கால நீங்கதான் பாக்கணும் என்றாள். அதுக்கு எங்க நேரம் என்று இவர் இழுத்தார். ஐந்து நேரமும் தொழ வுழூ எடுக்கக்குள்ள கால் கழுவுறீங்கதானே, அப்ப பாருங்க என்றாள்.

இப்போது பள்ளி ஹவுள் தொட்டியடியில் இவர் காலை நீட்டி ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்க்கிறாராம். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்களாம். முணுமுணுக்கட்டும். அப்படிப் பார்த்ததில்தான் சின்னவிரல் இடுக்கில் செருப்பு வெட்டிய காயத்தைக் கண்டார். சீனியில் விரல் மரத்துப்போய் அவருக்கு நோவே தெரியவில்லை. முன்பிருந்த மனுஷன் என்றால் எண்ணெய் பூசிக்கொண்டு சும்மா இருந்திருப்பார். அன்றைக்கே கிளினிக்குக்குப் போனார். காயம் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். குளிசையும் நான் சொல்லாமலே போடுகிறார்.

நடையும் விடவில்லை. பாண்டிருப்புக் கடற்கரை வரை போய் வருகிறார். வழியில் மதிலைப் பிடித்து நிற்கும்போது யாராவது கேட்டால், காத்து வாங்குறன் என்பார். அந்த வீம்பு மட்டும் குறையவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் உன் பார்சல் வந்தது. உள்ளே வழக்கம்போல வாப்பாவுக்கு ஒரு பெரிய சிகரட் பெட்டி. பழக்கதோஷத்தில் வைத்துவிட்டாய், தெரியும். அவர் அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில் போய் இருந்தார். மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். நான் குசினிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசினால் வீம்புக்குப் பற்றவைப்பார் என்று வெளியே போகவில்லை.

எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். ஒவ்வொரு சிகரட் பக்கெட்டாகப் பிரித்து வாளித் தண்ணீரில் போட்டுப் பிசைந்தார். யாருக்காவது கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். என்ட காலைத் திண்ட சாமான ஆருக்குக் குடுக்கச் சொல்றாய் என்றார். பிறகு மெதுவாக, இன்ஸாபுக்குச் சொல்லிராத, ஆசையா அனுப்பினவன், மனம் நொந்துபோவான் என்றார். நிக்காஹ் முடிந்த நாளில்கூட இந்த மனுஷனை நான் இவ்வளவு பெருமையோடு பார்த்ததில்லை.

போன கிளினிக்கில் புதிதாக வந்தவர்களோடு கதைக்கச் சொல்லி மிஸ்ஸி அவரை எழுப்பிவிட்டாள். சாரனை முழங்கால் வரை உயர்த்திக் காலைக் காட்டிக்கொண்டு கதைத்தார். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் கண் கலங்கிவிட்டது. அன்று அதைக் கேட்டிருந்த பாண்டிருப்பு மீனவர் கனகரெத்தினமும் இப்போது அவரோடு நடக்கிறார். இரண்டு பேருமாக நின்று நின்று போவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

உன் மனம் நோகட்டும் என்றேதான் இதை எழுதினேன். போன லீவில் உன் சட்டைகளைத் துவைத்தது நான்தான். பையில் கிடந்த புகையிலைத் தூளை உதறியதும் நான்தான். வாப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் காலைவிட அதுதான் நோகும்.

லீவுக்கு வந்ததும் அவரோடு நடந்து போ, மகன். அவர் நிற்கிற இடத்தில் நீயும் நின்றுகொள். உன் கால் நொந்து நீ மதிலைப் பிடித்து நிற்கிற நாளை மட்டும் இந்த உம்மாவின் கண்ணுக்குக் காட்டிவிடாதே. அல்லாஹ் உன் மூச்சுக்கும் காலுக்கும் காவல்.

உன் உம்மா,
சுஹறா