உன் மேல் தப்பில்லை, பொன்னக்கா

என்னை இடுப்பை விட்டு இறக்காத பொன்னக்காவுக்கு,

எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உயிரோடு, அழுதுகொண்டே பிறந்தாள்.

உனக்கு மூன்று முறையும் ஆறாம் மாதத்தில், வலியே இல்லாமல், பிள்ளை நழுவிப்போனது. மூன்றாம் முறை உதிரம் நிற்காமல், மலை இறங்கும் வழியிலேயே நீயும் போய்விட்டாய். ஒவ்வொரு முறையும், மரவள்ளி மூட்டை தூக்கினாள், மிளகு பறிக்க ஏணி ஏறினாள் என்று மலையில் நம் வளப்பூர் நாட்டு ஊர்கள் முழுக்கப் பேச்சு. நீயும் அதை நம்பினாய். "நாந்தான் சாமி பத்தரமா இருக்கல" என்று என்னிடமே சொன்னாய்.

எனக்கும் முதல் பிள்ளை அப்படியே போனது. நான் ஒரு மூட்டையும் தூக்கவில்லை, அக்கா.

மறுபடி நாள் தள்ளியதும் செம்மேட்டு நர்ஸ் கீழே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். குறைமாதத்தில் பிறந்துவிடும் என்று பயமுள்ள பெண்களை மட்டும் அங்கே வாரத்தில் ஒருநாள் தனியாகப் பார்க்கிறார்கள். அம்மா ஒப்பவில்லை. "அத்தன வளைவு எறங்கி ஏறினா வயித்துல எப்படிக் கண்ணு நிக்கும்?" என்றாள். உன்னைக் கொண்டுபோன வழியல்லவா? என் வீட்டுக்காரர்தான் தணிவாகச் சொன்னார்: "போகாம ஒருக்காப் பாத்துட்டமுங்க அத்தை. இந்த வாட்டி போய்ப் பாக்கலாமுங்க."

அங்கே பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னைப் போலத்தான். "உனக்கு எத்தனை குழந்தை?" என்று ஒருத்திகூட என்னைக் கேட்கவில்லை. அதுவே பெரிய ஆறுதல்.

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்று டாக்டரம்மா கேட்டார். உன்னைப் பற்றி எல்லாம் சொன்னேன், ஊர்ப்பேச்சு உட்பட. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: "ஏணி ஏறுனதால ஆனதில்லம்மா. கர்ப்பப்பை வாய் முன்னாடியே திறந்திருக்கும். உங்க அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

அங்கேயே அழுதுவிட்டேன். இந்த வார்த்தையை உன்னிடம் சொல்ல அன்றைக்கு ஒருவர்கூட இல்லையே, ஏன்?

ஸ்கேனில் எனக்கும் அந்த வாய் நீளம் குறைந்து திறக்கப் பார்ப்பது தெரிந்தது. அது திறக்காமல் இருக்கத் தையல் போட்டார்கள். கட்டாயம் நிற்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, பார்ப்போம் என்றார். ஆறாம் மாதம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. ஏழும் கடந்தது. எட்டாம் மாதக் கடைசியில் வலி எடுத்தது. அந்த வலியே எனக்குப் புதிது. தையலைப் பிரித்தார்கள், பிறந்தாள். எடை குறைவென்று கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது என் நெஞ்சோடு கிடந்து பால் குடிக்கிறாள்.

உனக்கும் ஒரு தையல் போட்டிருந்தால்? டாக்டரம்மாவிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பொய் சொல்லாததால் அவரை இன்னும் பிடித்துப்போனது. கேள்விதான் போகவில்லை.

சந்தையில் யாராவது உன் பேச்சை எடுத்தால் அம்மா நின்றுவிடுகிறாள். "எம்புள்ள மேல தப்பில்லீங்க, டாக்டரே சொல்லிட்டாங்க" என்று சொன்ன பிறகுதான் நகர்கிறாள்.

நேற்று மலையிலேயே பக்கத்துக் குண்டூர் நாட்டிலிருந்து ஒரு பெண் தேடி வந்தாள். இரண்டு பிள்ளை தங்கவில்லை. இப்போது மூன்றாம் மாதம். வெகுநேரம் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தனியாப் போகப் பயமா இருக்குதுங்க. நீங்க கூட வருவீங்களா?" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை முதல் பஸ்ஸில் போகிறோம், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. இவளுக்குப் பின்னால் எவள் வந்து கேட்டாலும், அந்த மலையைத் தனியாக இறங்க விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி