தலைமயிர் நோயன்று, முதுகு வலி

அனுப்புபவர்:
க. தில்லைநாதன்,
தீயணைப்பு வீரர்,
கடற்கரைப் பக்க ஒழுங்கை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
பிரதம தீயணைப்பு அதிகாரி அவர்கள்,
தலைமை நிலையம், கொழும்பு.

பொருள்: மருத்துவப் பதிவிலுள்ள தவறைத் திருத்தி, என்னைப் பம்பு வேலையிலேயே வைத்திருக்கக் கோரல்

மதிப்புக்குரிய ஐயா,

1. பதினெட்டு வருடங்களாகத் தங்களின் கீழ்க் கடமையாற்றுகிறேன். வேலையில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. மணி அடித்தால் இன்றைக்கும் கால் தானாக ஓடும். முதுகுதான் பிந்தி வருகிறது.

2. மார்ச் மாதம் தெமட்டகொடையில் ஒரு களஞ்சியம் தீப்பற்றியபோது, மூன்றாம் மாடியிலிருந்து காவலாளியைத் தோளில் சுமந்து இறக்கினேன். நல்ல தாட்டான, பாரமான மனுஷன். அவர் பிழைத்து, வருடப் பிறப்புக்குப் பலகாரமும் கொண்டுவந்து தந்தார். அன்று என் முதுகில் பிடித்த வலி மட்டும் விடவில்லை. அதனால் நிலையப் பொறுப்பதிகாரி என்னைத் தற்காலிகமாகப் பம்பில் விட்டார். குழாயில் கை வைத்தாலே தண்ணீரின் அழுத்தம் எனக்குத் தெரியும். அந்த வேலையில் சந்தோஷமாக இருக்கிறேன்.

3. மருத்துவப் படிவம் நிரப்பிய எழுதுவினைஞர், என்ன வருத்தம் என்று சிங்களத்தில் கேட்டார். நான் சாவகச்சேரியில் பிறந்து வளர்ந்தவன்; சிங்களம் எனக்கு அரைகுறைதான். சிங்களத்தில் முதுகு 'கொந்த', தலைமயிர் 'கொண்டே'. வருத்தம் என்பதற்கு 'அமாரு'. நான் 'கொண்டே அமாரு' என்று சொல்லிவிட்டேன். அவர் என் வழுக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, இரக்கத்தோடு அப்படியே எழுதிக்கொண்டார். அவரில் பிழையில்லை, பிழை என் நாக்கில்.

4. இதன் பயனாகத் தலைக்கு ஒரு போத்தல் எண்ணெயும், மூன்று மாதம் தலைக்கவசம் அணியாதிருக்க அனுமதியும் கிடைத்தன. எண்ணெயை என் மனைவி நேசமலர் பூசிவருகிறார்; அவருக்கு நல்ல பலன். ஆனால், உடம்பில் வேறு கோளாறில்லை என்று கண்டு, ஜூன் முதலாந் திகதி தொடக்கம் என்னை ஏணிக் குழுவுக்கு மாற்றும் கட்டளையும் வந்துள்ளது.

5. சென்ற வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் சக வீரர் றேமண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியால் இறங்கினேன். பாதி வழியில் முதுகு பூட்டிக்கொண்டது. ஏறவும் இயலவில்லை, இறங்கவும் இயலவில்லை. தலைகீழாகத் தொங்கிய றேமண்ட், தனக்கு ஒரு அவசரமுமில்லை, ஆறுதலாக இறங்கலாம் என்றார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாட்டு நிலைமை தாங்கள் அறிந்தது. குண்டு வெடித்த இடத்தில் நான் தூக்குகிறவர் என் ஊரையோ பாஷையையோ கேட்பதில்லை. என் முதுகை நம்பித்தான் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். அவரைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது, ஐயா.

6. ஓய்வோ நட்டஈடோ நான் கேட்கவில்லை. என்னை மீண்டும் பரிசோதனைக்கு அனுப்பி, பதிவைத் திருத்தி, பம்படியிலேயே விடும்படி பணிவோடு வேண்டுகிறேன். இத்துடனுள்ள சிங்களப் பிரதியை றேமண்ட் எழுதித் தந்தார். அதில் 'கொந்த' என்றுதான் இருக்கிறது என மூன்று பேரிடம் வாசிப்பித்துப் பார்த்துவிட்டேன். எதற்கும் என்னை நேரில் அழைத்தால், இம்முறை வாயால் சொல்லாமல் கையால் தொட்டுக் காட்டுகிறேன்.

தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
க. தில்லைநாதன்
(ஒப்பம்)

வெள்ளவத்தை,
1993.05.17