கடைசிப் பெயர் கான்

இல்லை, ‘கான்’ என்பதை எடுக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். உன் கபரில் நடும் மீசான் கல்லில் பொறிக்கப் பெயர் கொடுக்க வந்தோம். கல்கடை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன், விரலெல்லாம் கிரானைட் தூள். மில்பிடாஸிலிருந்து வந்த உன் அண்ணன் உள்ளே கையெழுத்துப் போடுகிறார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போதே தன் பெயரில் கானை வெட்டிவிட்டவர். “இந்தப் பேரப் பாத்தா எவனாவது கல்ல ஒடச்சிட்டுப் போவான். மௌத்துக்கு அப்புறமும் நிம்மதி வேணாமா அவனுக்கு?” என்றார். அவர் பயம் பொய்யில்லை.

அந்தப் பெயர் வந்ததே ஒரு கூத்து. உன் பூட்டனார் ஜில்லா போர்டில் இருந்து ரோடு போட்டதற்கு வெள்ளைக்காரன் ‘கான் பகதூர்’ பட்டம் கொடுத்தான். வெள்ளைக்காரனை எதிர்த்த கிலாபத்துப் போராட்டக் காலத்தில் அவர் அதைக் கவர்னருக்கே திருப்பி அனுப்பினார். பிறகு மாகாண சட்டசபைக்கு நின்றார். கலெக்டருக்குப் பயந்த மிராசுதார்களின் வாசலில் போய், “பகதூர் போயிட்டான், வெறும் ராவுத்தர் வந்திருக்கேன், ஓட்டுப் போடுங்க” என்று கேட்டாராம். ஜெயித்தார். ஊர் மட்டும் அவர் வீட்டைக் கான் பகதூர் வீடு என்றே சொன்னது. பாஸ்போர்ட்டுக்குக் குடும்பப் பெயர் கேட்டபோது உன் அத்தா யோசிக்காமல் கான் என்று போட்டுவிட்டார். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்?

இங்கே ரிச்சர்ட்சன் பள்ளிவாசலில் கான் என்றதும் உன்னிடம் உருது பேசுவார்கள், நீ விழிப்பாய். தமிழ்ச் சங்கத்தில் ஒரு அங்கிள், “மிஸ்டர் கான், உங்க தமிழ் ரொம்ப நல்லாருக்கே” என்றார்.

“உங்களுதும் பரவால்ல அங்கிள்.”

நான் வாயிலிருந்த பொங்கலைத் துப்பாத குறை.

இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு ஏர்போர்ட்டில் ஒவ்வொரு தடவையும் உன்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். நான் காலேஜை விட்டுவிட்டு டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன், வெளியே காத்திருப்பேன். நீ குடியுரிமைக்கு அப்ளை பண்ணியபோது காரிலேயே கத்தினேன். “இப்பவே பேர மாத்திக்கலாம்டா. எடுத்துத் தொல. உங்க பூட்டனே திருப்பிக் குடுத்துட்டாரு, உனக்கென்ன?”

சீட்டைச் சாய்த்துக்கொண்டு சொன்னாய்: “அவரு கோவத்துல குடுத்தாரு. நான் குடுத்தா பயத்துல. ரெண்டும் ஒண்ணா? இவனுங்க என்ன நிறுத்தறத மொதல்ல விடட்டும். அப்புறம் நானே எடுத்துடறேன், போ.”

அதற்குள் ஃப்ரீவேயில் ஒரு டிரக் உன் கார்மேல் வந்துவிட்டது.

இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். “எங்க குடும்பப் பேரப் பத்திப் பேச நீ யாருடா?” என்றார்.

“யாருமில்லண்ணே. ஏர்போர்ட்ல வெளிய நின்னவன்.”

பார்க்கிங்கில் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். திரும்பி வந்து, கடைக்காரன் கேட்பதற்கு முன்னால், அவரே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: “கே. ஹெச். ஏ. என்.”

காலேஜை விட்டபோது என்னிடம் யாரும் கேட்காத கேள்வி உன்னுடையது. இப்போது எதை விட்டாலும் நானே கேட்டுக்கொள்கிறேன், கோபமா பயமா என்று. பதில் பயம் என்றால் விடுவதில்லை. அதனால்தான் போன மாதம் மறுபடி காலேஜில்

அண்ணன் வந்துவிட்டார், அவருக்கு ஃப்ளைட். போகணும்டா.