என்ன சாப்பிட்டே என்று கேட்டேன்

மே 6
தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடை போடும் கொட்டகையில் ஒட்டியிருந்த குகனேஸ்வரன் படத்தை இன்று கிழித்துப் போட்டேன். எங்கள் லயத்து வீடொன்றில் பிறந்து நாட்டுக்காக ஓடியவன். ஊக்கமருந்து போட்டுத்தான் ஓடினானாம், அவனே ஒத்துக்கொண்டான். பதினோரு வருஷம் அவனுக்காக டிவி முன்னால் நின்று தொண்டை கட்டக் கத்தினேனே!

மே 9
எந்த விளையாட்டையும் பார்க்கப் பிடிக்கவில்லை. யார் ஜெயித்தாலும், "என்ன ஊசி போட்டானோ" என்று வாய் தானாகக் கேட்கிறது. கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இனி ஒருத்தனும் என்னை ஏமாற்ற முடியாது.

மே 17
பள்ளிப் போட்டியில் விக்னேஸ்வரி மூவாயிரம் மீட்டரில் முதல். போன வருஷத்தைவிட நாற்பது நொடி முன்னால் முடித்திருக்கிறாள். வந்ததும் பதக்கத்தை என் கையில் வைத்தாள்.

நான் — எப்படி வாய் வந்தது எனக்கு? பெற்ற மகளிடம்?

"என்ன சாப்பிட்டே? உண்மையச் சொல்லு."

முதலில் சிரித்தாள். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. மோகனா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏங்க, பைத்தியமா உங்களுக்கு? தெனம் விடியக்கால அஞ்சு மணிக்கு இந்தக் குளிர்ல மேட்டுல ஓடுறாளே நம்ம புள்ள, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

மே 18
விக்னேஸ்வரி என்னிடம் பேசவில்லை.

மே 26
இப்போது பேசுகிறாள், கேட்டதற்கு மட்டும். காலையில் ஓடப் போவதே இல்லை. அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் ரோஸ்மேரி டீச்சர் போன் செய்தார். "ஜூன் இருபத்தொண்ணு தானா ராத்தா டவுன் மைதானத்துல மாவட்டப் போட்டி சார். மொத மூணு பேருக்குத்தான் மாநிலக் குழுவுல எடம். பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

என்னத்தைச் சொல்ல? நான்தான் ஆச்சு என்றா?

ஜூன் 3
கொழுந்து பறிக்கும் நவமணியோடு கொட்டகையில் சண்டை. கொழுந்துச் சாக்கில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவர்கள் சிலர் உண்டு. அதனால் யார் சாக்கு வந்தாலும் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்துவிடுவேன். அவளுக்கும் கழித்தேன்.

"மழையே இல்லண்ணே, எலையத் தொட்டுப் பாருங்க லா! எவனோ தண்ணி ஊத்துனா எனக்கும் வெட்டுவீங்களா?"

கையை விட்டுப் பார்த்தேன். துளி ஈரமில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விக்னேஸ்வரிக்கும் இதைத்தானே செய்தேன். பாவி.

ஜூன் 4
மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அழுதுவிட்டேன். "சரிப்பா" என்றாள்.

ஜூன் 5
ஐந்து மணிக்குக் கதவு திறக்கும் சத்தம். ஓடப் போகிறாள்! முருகா!

ஜூன் 20
நாளைக்குப் போட்டி. அவள் ஜெயித்துவிட்டால் போதும், நான் செய்தது அழிந்துவிடும். அழியுமா?

ஜூன் 21
கடைசிச் சுற்று வரைக்கும் அவள்தான் முதல். இருபது அடி இடைவெளி. நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஓடு தாயி, ஓடு!" என்று கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் வேகம் குறைந்தது. கால் பிடித்துக்கொண்டதோ என்று பதறினேன். இல்லை, குறைத்தாள். ஒருத்தி முந்தினாள். இன்னொருத்தி. மூன்றாவதாக ஒருத்தி. முடித்தபோது அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா விட்டுட்டே?"

ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நாலாவதா வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கப்பா."