நடுவில் விழும் வேலை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முணுமுணுக்கிறது. மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார், இவரோ நம் கண்ணாடிக் கடைக்குள் காலையிலிருந்து நடப்பதெல்லாம் கணக்கில் வராதா என்று அவரிடமே வாதாடிவிட்டு வந்திருக்கிறார். தங்கை பரீட்சை முடிந்த கையோடு உன் அறையைப் பிடித்துக்கொண்டாள், உன் மேசை தெரியாத அளவுக்கு அவள் துணி குவிந்து கிடக்கிறது, இப்போது நீ வந்தால் உனக்குக் கூடத்து சோஃபாதான். வாராவாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீ நாலு 'சரிம்மா' சொல்லிவிடுகிறாய். காகிதத்தில் அதற்கு வழியில்லை, அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பேச்சுவாக்கில் நீ ஒன்று சொன்னாய், உனக்கு நினைவிருக்காது. "எங்க டீம்ல மேனேஜரே கிடையாதும்மா, நல்லாத்தான் ஓடுது" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். ஆனால் அந்த வாரம்தான் எங்கள் இயக்குநர் என்னை அழைத்து, கம்பெனி முழுக்க அஜைல் முறைக்கு மாறுகிறது, புது அமைப்பில் உங்கள் திட்ட மேலாளர் பதவியே இல்லை, அதில் இருக்கிற வேறு ஏதாவது ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விலகுவதைப் பற்றி யோசியுங்கள் என்று மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார். அதை உன்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் மட்டும் சொன்னேன். உன் பேச்சைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்த பிறகு பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினேன், அப்பா டிவியின் ஒலியைக் கூட்டிக்கொண்டார். இத்தனை வருஷமாக நான் செய்த வேலை இல்லாமலும் எல்லாம் ஓடும் என்று நான் பெற்ற பிள்ளையே சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் விளக்கித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அப்பா இதை ஒரு முறை படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். முன்பெல்லாம் ஒரு வேலை வந்தால் முதலிலேயே ஒரு வருஷத்துக்குத் திட்டம் போட்டு, யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று நான் பிரித்துக் கொடுப்பேன். இப்போது டீம் தானே வேலையை எடுத்துக்கொள்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்ததைக் காட்டுகிறது, அதைப் பார்த்து அடுத்த இரண்டு வாரத்தை முடிவு செய்கிறது. என்ன தேவை என்று சொல்ல புராடக்ட் ஓனர், டீமின் நடைமுறை கெடாமல் பார்த்துக்கொள்ள ஸ்க்ரம் மாஸ்டர், செய்து முடிக்க டீம். அவ்வளவுதான் படம். அந்தப் படத்தை அப்பாவுக்கு வரைந்து காட்டியபோது, இதில் உன்னை எங்கே காணோம் என்று என்னிடம் கேட்டார், நல்ல மனுஷர்.

புது முறையைக் கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். சட்டைப்பை நிறைய மஞ்சள் ஒட்டுச்சீட்டு வைத்துக்கொண்டு திரிவார், அதனால் எல்லாருக்கும் அவர் சீட்டுக்காரர். தினமும் காலையில், வேலைக்கொரு சீட்டாக எழுதி ஒட்டிய பலகைக்கு முன்னால் எல்லாரும் நின்றபடி, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எனக்கு என்ன தடை என்று மூன்று விஷயம் சொல்ல வேண்டும். நான் வழக்கம்போலப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் மடமடவென்று வரும், மூன்றாவதற்கு மட்டும் ஒருத்தர் பாக்கியில்லாமல் "ஒண்ணும் இல்ல மேடம்" என்பார்கள். தடையே இல்லாத டீம் எனக்கு வாய்த்திருக்கிறது என்று நானும் பெருமையாகத்தான் இருந்தேன். ஒருநாள் டீ குடிக்கும்போது சீட்டுக்காரர், நாளைக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்து பாருங்களேன் என்றார். என்னை ஓரங்கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதலில் கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினார்கள், போகப் போகத் தங்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற பெண் ஒருத்தி, எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள், 'கேள்வி' என்றே அவளைக் கூப்பிடுவார்கள், தனக்குச் சோதனை செய்யத் தனி கம்ப்யூட்டரே இன்னும் வரவில்லை, பக்கத்து மேசைப் பையன் சாப்பிடப் போகும் நேரத்தில் அவன் கம்ப்யூட்டரில்தான் வேலையை ஓட்டுகிறேன் என்று போகிறபோக்கில் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேறொரு பிரிவில் ஓர் அதிகாரியின் கையெழுத்து விழாமல் கிடந்தது, அவ்வளவுதான். நான் இரண்டு மாடி இறங்கிப் போய்க் கையெழுத்தை வாங்கிவந்தேன், அன்று சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டர் அவள் மேசைக்கு வந்துவிட்டது. அந்த அதிகாரியின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று பார்க்கும்போதெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன், அது வீண் போகவில்லை. அன்றைக்கு எனக்கு உள்ளூர ஒரு தெம்பு வந்தது.

அடுத்தது பெரிய விஷயம். ஒரு மருத்துவமனைக்கு வேலை செய்கிறோம். நோயாளிகள் போனிலேயே நேரம் குறித்துக்கொள்ளும் செயலியை ஒரு டீம் செய்தது, வரவேற்பு மேசைக்கான திரையை இன்னொரு டீம் செய்தது. இரண்டு டீமும் எடுத்த சீட்டையெல்லாம் 'முடிந்தது' பக்கத்துக்கு நகர்த்திவிட்டார்கள், காட்டும்போதெல்லாம் ஒரே கைதட்டல். நான் பின்னால் இருந்தபடி, அந்த வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது வரப்போவது தெரியுமா என்று கேட்டேன். போன் டீம் மேசை டீமைப் பார்த்தது, மேசை டீம் போன் டீமைப் பார்த்தது. சீட்டுக்காரர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டார். வரவேற்பில் போய்ச் சொல்லும் வேலை யார் சீட்டிலும் இல்லை, எல்லாருமே அவரவர் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டார்கள்.

பழைய நானாக இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு திட்டத்தைப் போட்டு, ஆளுக்கொரு வேலையைக் கட்டி அனுப்பியிருப்பேன். கை பரபரத்தது, பொய் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக டீமுக்கு இரண்டு பேராக என் காரில் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனை வரவேற்புக்குப் பின்னால் ஒரு காலைப்பொழுது உட்கார வைத்தேன். அங்கே ஒரு பெண் தோளில் போனை இடுக்கிக்கொண்டு, ஸ்மார்ட்போனே இல்லாத முதியவர்களை வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு, பழைய திரையில் மூச்சுவிடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திரையை மாதக் கடைசியில் மூடப்போகிறோம் என்பதை நாங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். ஆபீசுக்கு வந்ததும் அவர்களாகவே புதுச் சீட்டுகள் எழுதி மேலே ஒட்டி, அழகுக்காகச் செய்ய வைத்திருந்ததையெல்லாம் கீழே இறக்கினார்கள். திறக்கும் தேதி தள்ளிப்போகிறது என்று மருத்துவமனை நிர்வாகியிடம் போய்ச் சொன்னது நான்தான். நன்றாகத் திட்டினார், வாங்கிக்கொண்டேன், கடைசியில் ஒப்புக்கொண்டார். இப்போது வரவேற்புப் பெண்ணுக்கும் பழகிவிட்டது, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது.

போன வெள்ளிக்கிழமை இயக்குநர் என் முடிவைக் கேட்டார். புராடக்ட் ஓனராக இருப்பவர் நன்றாகச் செய்கிறார், ஸ்க்ரம் மாஸ்டர் பிள்ளைகள் இருவரும் என்னைவிடப் பொறுமைசாலிகள், யாரையும் எழுப்பிவிட்டு அந்த இடத்தில் நான் உட்கார மாட்டேன், விலகவும் மாட்டேன் என்றேன். அப்படியானால் உங்கள் வேலை என்னவென்று நான் எழுதுவது என்று பேனாவைத் திறந்தபடி கேட்டார். "ரெண்டு டீமுக்கும் நடுவுல விழுற வேலை, டீமுக்கு வெளியில நிக்கிற வேலை, அதெல்லாம் என் வேலைன்னு எழுதிக்கோங்க சார்" என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. டீமைக் கேட்க வேண்டும் என்று சொல்லி, என்னை வைத்துக்கொண்டே, சோதனை செய்கிற அந்தக் 'கேள்வி'யை உள்ளே கூப்பிட்டார். உங்களுக்கு இவர் தேவையா என்று கேட்டார். அந்தப் பெண் முகஸ்துதியெல்லாம் செய்கிறவள் இல்லை. "இவங்க இல்லன்னாலும் நாங்க வேலையைச் செஞ்சிடுவோம் சார். ஆனா அது வேண்டியவங்ககிட்ட போய்ச் சேராது" என்றாள்.

இயக்குநர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பதவியின் பெயர் இனிமேல்தான் வைக்க வேண்டுமாம், வேலை இருக்கிறது. என் கண்ணாடி அறையை எடுத்துக்கொண்டார்கள், அதில் வருத்தம் உண்டு, கதவு இருந்தது, சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம். இப்போது இரண்டு டீமுக்கும் நடுவில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் மேசை. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் டம்ளர் நிறைவதற்குள் ஒரு தடையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதற்காக ஓர் அறையை விட்டுக்கொடுக்கலாம்.

உன் பேச்சுக்கு வருகிறேன். மேனேஜரே இல்லையென்று நீ சொன்ன அன்று, அப்படியானால் வாடிக்கையாளர் கோபப்பட்டால் யார் பேசுவது என்று கேட்டேன். அதுக்கு ஒரு அக்கா இருக்காங்கம்மா, அவங்க பார்த்துப்பாங்க என்றாய். அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு ஞாயிறும் நான் உன்னிடம் கேட்பதும் அதே மூன்று கேள்விதான் என்று பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன செய்யப் போகிறாய், ஏதாவது கஷ்டம் இருக்கிறதா. மூன்றாவதற்கு நீ "ஒண்ணும் இல்லம்மா" என்கிறாய். கொஞ்ச நாளாக உன் குரல் இறங்கியிருக்கிறது, அப்பாவும் கவனித்திருக்கிறார். அதனால் இந்த ஞாயிறு நான் கூப்பிட மாட்டேன். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது கூப்பிடு, வேலை நேரமாக இருந்தாலும் எடுப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, பல் மருத்துவரைத் தள்ளிப்போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி.

தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையிலிருந்து,
உன் அம்மா