பொய் மூக்கு வைத்த கார்

அன்புள்ள அம்மா,

கெண்டக்கியில் உன் முதுகுவலி குறைந்ததா? டெட்ராயிட்டில் நானும் அப்பாவும் நலம்.

போன மாதம் சோதனை ஓட்டத்துக்காக அப்பா தன் கார் கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த, இன்னும் வெளியிடாத ரகசிய ஸ்போர்ட்ஸ் காரை, உறையை விலக்கிப் படமெடுத்துத் தோழி கெல்சிக்கு அனுப்பிவிட்டேன். படம் பரவினால் அப்பாவுக்கு வேலை போய்விடும் என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

இன்று மாலை அந்தக் காரை உலகத்துக்குக் காட்டினார்கள். உடனே கெல்சி ஃபோனில் கத்தினாள்: "அடியே ஹாட்டி, நீ அனுப்பினது இது இல்லடி! ஏதோ டப்பா வண்டின்னு அன்னைக்கே அழிச்சுட்டேன்!"

நிஜ உருவம் தெரியாமலிருக்க, சோதனைக் காருக்குப் பொய் மூக்கும் பொய் வாலும் ஒட்டியிருந்தார்களாம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லப் போகிறேன். அப்போது நீ ஃபோனில் இரு அம்மா. உன் குரல் கேட்டால்தான் எனக்குப் பேச வரும்.

அப்பா மாடியேறுகிறார், விளக்கை அணைக்கிறேன்.

உன் ஹாட்டி