களத்தின் மேல்பக்கம்

மே 14, புதன்

காலையிலேயே வெயில். துணி மடித்தேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி கவினுக்குச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டென்னிஸ் பயிற்சிப் பள்ளியில் தேர்வு. எடுத்துக்கொண்டால் அங்கேயே தங்கிப் படிப்பு, பயிற்சி. பையன்களுக்கு மட்டும். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நாளிதழில் ஆண்கள் டென்னிஸின் அடுத்த தலைமுறை பற்றி அரைப்பக்கம். வெட்டி ஒட்டினேன். எல்லார் கதையிலும் ஓர் அப்பா கார் ஓட்டுகிறார். ஒருவர் கதையிலும் அக்கா இல்லை. என் கணிப்பு: அவர்களில் உயரமானவன் சீக்கிரம் மேலே வருவான். இரண்டாவது சர்வீஸைப் பதறாமல் போடுபவன்தான் நிலைப்பான். கவினிடம் சொன்னேன்.

"அவிங்கெல்லாம் ஆருக்கா?"

ஒரு பெயர்கூடத் தெரியாது. இவனுக்குப் புது மட்டை!

மே 15, வியாழன்

மேகம். மழை இல்லை. எங்கள் மைதானம், மக்காச்சோளம் காயப்போடும் சிமெண்ட் களம். நடுவில் கோழிப்பண்ணை வலை. கவின் எப்போதும் மேற்கே, வேப்பமர நிழலில். சர்வீஸ் அவனுக்கே. நான் கிழக்கே, வெயிலில், பழைய மட்டையோடு, திருப்பி அடிக்க.

பந்து பொறுக்கும்போது உறைத்தது. எல்லாப் பந்தும் என் பக்கமே உருள்கிறது. மழைத்தண்ணீர் ஓடுவதற்காகக் கிழக்கே வாட்டம் விட்டுக் கட்டிய களம். கவின் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அடிக்கிறான். அவனுக்கு வலை தாழ்வு. சமதரையில் அதே அடி வலையில்தான் விழும்.

அப்பா பால்காரரிடம்: "எஞ்சாமி அடிக்கறதப் பாருங்க. ஒண்ணாச்சும் வலையில படுதுங்களா?"

நான் அடுத்த பந்தைப் பொறுக்கப் போனேன்.

மே 17, சனி

புழுக்கம். களத்து வாட்டத்தை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கவினுக்கு இரண்டு முட்டை, எனக்கு ஒன்று. "நாளைக்கு ஆடப்போற பையன் கண்ணு," என்கிறார் அம்மா. தினமும் எதிரில் நின்று ஆடுவது யார்?

எழுதக் கூடாது. எழுதுகிறேன். அவன் தோற்க வேண்டும்.

மே 18, ஞாயிறு

ஃபேர்லேண்ட்ஸ். பச்சைத் தரை, துளி சாய்வில்லை. கவினின் முதல் மூன்று சர்வீஸும் வலையில். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "என்னாச்சு சாமி, இட்லி ஒத்துக்கலியா?"

பயிற்சியாளர், "இன்னும் ரெண்டு போடு தம்பி, போதும்" என்றார்.

எனக்குச் சந்தோஷம். நிஜமாகவே. ஆனால் தப்பான கணக்கைத் திருத்தாமல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடிவதில்லை. கம்பி வேலியில் முகத்தை வைத்துக் கத்தினேன்: "கவினு, நம்ம களம் சாய்வுடா! ஒரு சாண் தூக்கி அடி!"

தூக்கினான். உள்ளே. அடுத்ததும். எடுத்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பும் வழியில், பரமத்தி வேலூர் வரும்வரை அப்பா போனில்: "நம்மூட்டுல இருந்தும் ஒருத்தன் வாரானுங்க, உலக ஆட்டத்துக்கு!"

"அக்காதானுங்கப்பா தூக்கி அடிக்கச் சொல்லுச்சு," என்றான் கவின்.

"அது பொஸ்தகம் படிக்கற புள்ள. நாலு விசயம் தெரியும்."

அவ்வளவுதான். அடுத்த போன்.

மே 19, திங்கள்

லேசான காற்று. கவின் பெட்டி அடுக்குகிறான். புது மட்டை மேலாக.

"கண்ணு, அந்த வலையக் கழட்டிரு," என்றார் அப்பா. "மத்தியானம் சோளம் வந்துரும், காயப்போடோணும்."

"சரிங்கப்பா."

கழற்றவில்லை. பழைய மட்டை, இரண்டு பந்து. முதல்முறையாக மேற்கே, நிழலில் நின்றேன். வலை இவ்வளவு தாழ்வா! முதல் சர்வீஸ் கோட்டைத் தாண்டி வாழைத்தோப்புக்குள். பள்ளத்திலிருந்து தூக்கித் தூக்கியே பழகிய கை.

சோள வண்டி ஹாரன். அப்பா கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது சர்வீஸ்.

உள்ளே.